இறுக்கினால் வளையும், தளர்த்தினால் தேயும்: அணு உலை எரிபொருள் தொகுதியின் பாகங்கள்

கேட்கப்பட்ட கேள்வி இது: "இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அணு உலையின் எரிபொருள் தொகுதி என்பது யுரேனிய வில்லைகளைக் குழாய்களில் போட்டு மூடி, அந்தக் குழாய்களைக் கட்டாக அடுக்கியதுதானே? நகரும் பாகம் ஒன்றுகூட இல்லாத இதில் ஓர் இயந்திரப் பொறியாளர் வடிவமைக்க என்ன இருக்கிறது? இயற்பியலாளர்களின் கணக்கு முடிந்தால் வேலை முடிந்ததாகாதா?"

நகரும் பாகம் இல்லை என்பது படத்தைப் பார்த்தால் தோன்றும் எண்ணம். உலைக்குள் போய் நான்கு ஆண்டுகள் இருந்து வரும் தொகுதியில் நகராத பாகம் ஒன்றைக் காட்டச் சொன்னால் எனக்குத் தெரியாது. கோல்கள், அதாவது வில்லைகள் நிரப்பிய அந்தக் குழாய்கள், நீளும். வில்லைகளைப் போர்த்தியிருக்கும் உறைக்குழாய் முதலில் உள்ளே சுருங்கும், பிறகு வெளியே தள்ளப்படும். ஸ்பிரிங்குகள் தளரும். தொகுதி முழுவதும் வில்லாக வளையும், சில சமயம் பாம்பாக நெளியும். இவை நடக்கும்போதெல்லாம் நீர் விடாமல் உதறிக்கொண்டிருக்கும். யுரேனியம் பிளந்து வெப்பம் தருவதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைப் பிடித்துவைப்பதுதான் பாடு. இந்தப் பதில் பெரும்பாலும் அந்தப் பிடிமானத்தைப் பற்றியது.

பொதுவாகச் சொன்னால் எதுவும் பிடிபடாது என்பதால் கூடங்குளத்தை எடுத்துக்கொள்கிறேன். அங்குள்ளவை ரஷ்ய விவிஇஆர்-1000 வகை உலைகள், அதாவது நீரைக் கொதிக்கவிடாமல் உயர் அழுத்தத்தில் ஓடவிட்டு வெப்பத்தை எடுக்கும் அழுத்த நீர் உலைகள். ஒவ்வோர் உலையின் கருவிலும், அதாவது எரிபொருள் நிற்கும் நடுப்பகுதியிலும், 163 தொகுதிகள். ஒவ்வொன்றும் அறுகோணத் தூண். உயரம் நாலரை மீட்டருக்குச் சற்று மேல், எடை ஏறத்தாழ முக்கால் டன். அறுகோணத்துக்குள் முக்கோண அடுக்கில் 331 இடங்கள். அவற்றில் 312 எரிபொருள் கோல்கள், உலையை அடக்கி நிறுத்தும் கட்டுப்பாட்டுக் கோல்கள் இறங்குவதற்கு 18 வழிகாட்டிக் குழாய்கள், நடுவில் ஒரு குழாய். (331 என்பது தற்செயலான எண் இல்லை. நடுவில் ஒன்றை வைத்துச் சுற்றி 6, 12, 18 என்று பத்துச் சுற்று அடுக்கினால் வருவது. இரண்டே சுற்று அடுக்கினால் 19. அந்த எண் கல்பாக்கத்தில் மறுபடி வரும்.)

ஒரு கோலின் வெளிவிட்டம் 9.1 மி.மீ. ஒரு கோலின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் 12.75 மி.மீ. ஆக இரண்டு கோல்களுக்கு நடுவே நீர் ஓடக் கிடைக்கும் சந்து மூன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அந்தச் சந்தில் ஏறத்தாழ 157 பார் அழுத்தத்தில், 290 டிகிரி செல்சியஸில் நுழைந்து 320 டிகிரியில் வெளியேறும் நீர், நொடிக்கு ஐந்து மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கீழிருந்து மேலே ஓடுகிறது. உலையின் வெப்பத்திறன் 3000 மெகாவாட். அதை 163 தொகுதிகளுக்கும் 312 கோல்களுக்கும், ஒவ்வொரு கோலிலும் எரிபொருள் இருக்கும் சுமார் மூன்றரை மீட்டருக்கும் வகுத்துப் பாருங்கள். ஒரு மீட்டர் கோலுக்கு ஏறத்தாழ 17 கிலோவாட் வருகிறது. சுண்டுவிரல் தடிமனுள்ள குழாயின் ஒரு மீட்டருக்குள், வீட்டுக் குளியலறையின் 2 கிலோவாட் ஹீட்டர்கள் எட்டை அடைத்ததற்குச் சமம். இது சராசரிதான், கருவின் நடுப்பகுதியில் இதைவிட அதிகம்.

இப்போது பிடிமானத்துக்கு வருவோம். மூன்றரை மீட்டருக்கு மேல் நீளமும் ஒன்பது மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட குழாயை இரண்டு முனைகளில் மட்டும் பிடித்தால், நீர் அதைத் தறியில் அறுந்த நூல்போல் ஆட்டிவிடும். ஆகவே உயரத்தில் குறிப்பிட்ட இடைவெளிகளில் ஸ்பேசர் கிரிட் என்ற தேன்கூட்டு வலைகளைப் பொருத்துகிறார்கள். ஒவ்வொரு கோலும் ஒவ்வொரு கிரிட்டிலும் ஓர் அறைக்குள் நுழைந்து மேலேறும். மேற்கத்திய அழுத்த நீர் உலைகளின் 17க்கு 17 சதுரத் தொகுதியில் இந்த அறை எப்படியிருக்கும் என்று சொல்கிறேன். தத்துவம் அங்கே தெளிவாகத் தெரியும். அறையின் இரண்டு சுவர்களில் ஸ்பிரிங், அவற்றின் எதிர்ச் சுவர்களில் மேலும் கீழுமாக இரண்டிரண்டு புடைப்புகள். ஆக ஆறு இடங்களில் தொட்டு, ஸ்பிரிங் கோலைப் புடைப்புகளின் மேல் அழுத்திப் பிடிக்கிறது. தகட்டிலேயே வெட்டி வளைத்து எடுக்கப்படும் இந்த ஸ்பிரிங், தொகுதியின் பாகங்களிலேயே சிறியது. ஆனால் என் கணிப்பில் மிகக் கடினமான வடிவமைப்பு இதுதான்.

ஏன் என்றால் அதனிடம் கேட்கப்படுபவை ஒன்றுக்கொன்று முரண். கோல் அதிராதபடி இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். ஆனால் கோல் சூடேறி நீளும்போது, ஆண்டுக்கணக்கில் நியூட்ரான் பட்டு மேலும் நீளும்போது, வழுக்கி மேலேற விட வேண்டும். விடாவிட்டால் இரண்டு கிரிட்டுகளுக்கு நடுவே கோல் புடைத்து வளைந்து பக்கத்துக் கோலை நெருங்கும். சந்து குறுகிய இடத்தில் நீரோட்டம் குறையும், அங்கே சூடு கூடும். சரி, கொஞ்சம் தளர்வாகவே பிடிப்போம் என்றால் கோல் ஸ்பிரிங்கின் மேல் உரசத் தொடங்கும். அரைமீட்டர் இடைவெளியில் பிடிக்கப்பட்ட கோல் நொடிக்கு 30 முறை அதிர்வதாக வைத்துக்கொண்டால், ஓராண்டில் ஏறத்தாழ 95 கோடி முறை. அதிர்வின் வீச்சு மைக்ரான் கணக்கில்தான் இருக்கும். ஆனால் உறையின் தடிமனே முக்கால் மில்லிமீட்டருக்குள்தான். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இங்கே தேய்வது உறையின் உலோகமான ஜிர்கோனியம். அமெரிக்க அழுத்த நீர் உலைகளில் 1990களிலும் 2000களிலும் எரிபொருள் கோல்கள் ஓட்டையானதற்கு முதன்மையான காரணம் இந்த உரசல் தேய்மானம்தான். யுரேனியத்தில் குறையில்லை, உறையின் உலோகத்திலும் குறையில்லை. பிடித்த கை தளர்ந்துவிட்டது.

ஸ்பிரிங் ஏன் தளர்கிறது? கதிர்வீச்சுக்குள் இருக்கும் உலோகத்துக்கு, அழுத்தத்தை நினைவில் வைத்திருக்கும் குணம் குறைந்துகொண்டே போகும். பட்டறையில் கோலை நுழைத்த அன்று இருந்த அழுத்த விசையில் பெரும்பகுதி முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே போய்விடும். கூடவே, வெளியே 157 பார் அழுத்தும் நீருக்கு ஈடுகொடுக்க முடியாமல் உறைக்குழாயும் மெல்ல உள்வாங்கும். பிடிக்கும் கை தளர, பிடிபடும் கோல் மெலிய, நடுவே ஒரு இடுக்கு பிறக்கிறது. ஆகவே நல்ல வடிவமைப்பாளர் ஸ்பிரிங் தளராது என்று நம்புவதில்லை. தளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, அப்போதும் தேய்மானம் குறைவாக இருக்க என்ன வழி என்று யோசிக்கிறார். புள்ளியாகத் தொடுவதைவிடக் கோடாகத் தொட்டால் தேய்வு பரவலாகும், ஆழமாகாது. அண்மைக்கால கிரிட்டுகளில் வளைந்த, நீண்ட தொடுபரப்புகள் வந்தது இப்படித்தான்.

ஏன் எல்லா கிரிட்டையும் தளராத நிக்கல் கலவையில் செய்யக்கூடாது? இன்கொனெல் 718 உண்மையிலேயே பிடியை நன்றாகத் தக்கவைத்துக்கொள்ளும். ஆனால் நியூட்ரான்களைத் தின்னும். கருவின் நடுவில் அதை நிறைய வைத்தால் அந்த இழப்பை ஈடுகட்ட யுரேனியத்தைக் கூடுதலாகச் செறிவூட்ட வேண்டும், அதாவது அதில் எளிதில் பிளக்கும் வகையின் பங்கைக் கூட்ட வேண்டும், அதற்குப் பணம். எனவே நியூட்ரான் குறைவாக இருக்கும் மேல், கீழ் முனைகளில் இன்கொனெலும் நடுவில் ஜிர்கோனியமும் என்று பல மேற்கத்திய வடிவமைப்புகள் சமரசம் செய்துகொள்கின்றன.

அந்த நடு கிரிட்டுகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தகட்டின் மேல் விளிம்பில் சிறு சிறகுகளை வளைத்து விட்டிருப்பார்கள். கீழிருந்து வரும் நீர் அவற்றில் பட்டுச் சுழன்று, பக்கத்துச் சந்துகளின் நீரோடு கலக்கும். கோலின் மேற்பரப்பில் நீராவி ஒரு படலமாகப் படர்ந்து வெப்பத்தைத் தடுக்கும் எல்லையை இந்தக் கலக்கல் மேலே தள்ளிவைக்கிறது. அதாவது அதே கோலிலிருந்து அதிக வெப்பத்தைப் பாதுகாப்பாக எடுக்கலாம். சிறகைப் பெரிதாக்கினால் கலக்கல் கூடும். ஆனால் நீரோட்டத்துக்குத் தடையும் கூடும், அதிர்வும் கூடும். அதிர்வு கூடினால் தேய்மானம். வெப்பத்தைப் பார்ப்பவரும் அதிர்வைப் பார்ப்பவரும் ஒரே தகட்டின் விளிம்புக்காக வருடக்கணக்கில் மல்லுக்கட்டுவது இதனால்தான்.

அடுத்தது மேலே உள்ள ஸ்பிரிங்குகள். முக்கால் டன் எடையுள்ள தொகுதியை எதற்காக மேலிருந்து அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று தோன்றலாம். கணக்குப் போட்டால் தெரியும். கருவைக் கடக்கும்போது நீர் இழக்கும் அழுத்தம் ஒன்றரை பார் அளவு என்று கொள்ளுங்கள். தொகுதியின் குறுக்குப் பரப்பு சுமார் 480 சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் வரும் மேல்நோக்கிய விசை, தொகுதியின் எடைக்கு ஏறத்தாழச் சமம். பிடிக்காவிட்டால் தொகுதி மிதக்கும், தட்டும், கீழ் இருக்கையில் இடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே தலைப்பகுதியில் ஸ்பிரிங்குகள் வைத்து, உலையின் மேல் அமைப்பு இறங்கும்போது அவை அமுங்கித் தொகுதியை அழுத்தும்படி செய்கிறார்கள்.

இங்கேதான் 1990களின் பெரிய தலைவலி பிறந்தது. பாதுகாப்புக்காகப் பலமாக அழுத்தினார்கள். வழிகாட்டிக் குழாய்களோ கதிர்வீச்சில் நீள்பவை. அவை நீள நீள ஸ்பிரிங் இன்னும் அமுங்கும், விசை இன்னும் கூடும். இரு முனையும் அழுத்தப்பட்ட நீண்ட தூண் என்ன செய்யும் என்று உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. முந்நூறு டிகிரியில், நியூட்ரான் மழையில், நீடித்த விசையில் உலோகம் மெல்ல மெல்ல உருமாறும் நிலையில், அது இன்னும் எளிதாக நடந்தது. தொகுதிகள் வில்போலவும், சில இடங்களில் ஆங்கில எஸ் எழுத்துப்போலவும் நெளிந்தன. வழிகாட்டிக் குழாய் நெளிந்தால் அதற்குள் இறங்கும் கட்டுப்பாட்டுக் கோல் சிக்கும். அந்தக் கோல்தான் உலையை நிறுத்துவது. 1990களின் தொடக்கத்தில் பல விவிஇஆர்-1000 உலைகளில் கட்டுப்பாட்டுக் கோல்கள் மெதுவாக இறங்கின, சில முழுதாக இறங்கவில்லை. 1994இல் சுவீடனின் ரிங்ஹால்ஸ் 4ஆம் உலையிலும், 1996இல் அமெரிக்காவின் உல்ஃப் கிரீக் உலையிலும் இதே வகைச் சிக்கல். ரஷ்யம், மேற்கு என்ற பேதம் இதில் இல்லை. இறுக்கியவர்கள் எல்லோருக்கும் வளைந்தது.

ரஷ்யர்களின் சிக்கலில் கூடுதலாக ஒரு முடிச்சு இருந்தது. அவர்களுடைய முதல் தலைமுறைத் தொகுதிகளில் வழிகாட்டிக் குழாய்களும் கிரிட்டுகளும் துருப்பிடிக்காத எஃகு. எஃகு நியூட்ரான்களை வீணாக்குகிறது என்று ஜிர்கோனியத்துக்கு மாறும்போது, எரிபொருள் மிச்சமாகும், ஆனால் எலும்புக்கூடு மென்மையாகும். இதற்கு இரண்டு வடிவமைப்பு நிறுவனங்கள் இரண்டு விடைகள் கண்டன. ஆப்ரிகாந்தவ் நிறுவனம் அறுகோணத்தின் ஆறு மூலைகளிலும் நீண்ட கோணப் பட்டைகளை வைத்து, பீரோவுக்கு மூலைச் சட்டம் கொடுப்பதுபோல் விறைப்பூட்டியது, அது டிவிஎஸ்-ஏ. கித்ரோபிரெஸ் நிறுவனம் கிரிட்டுகளை வழிகாட்டிக் குழாய்களோடு பற்றவைத்து முழு எலும்புக்கூட்டையும் ஒரே விறைப்பான சட்டமாக்கியது, அது டிவிஎஸ்-2. முதலாவதில் விறைப்பு வெளியிலிருந்து வருகிறது, இரண்டாவதில் உள்ளிருந்து. எனக்கு இரண்டாவது பிடிக்கும். புதிய பாகம் எதையும் சேர்க்காமல், இருக்கும் பாகங்களின் இணைப்பை மட்டும் மாற்றிக் காரியத்தைச் சாதித்திருக்கிறார்கள். அதன் அடுத்த வடிவமான டிவிஎஸ்-2எம் தான் 2022 முதல் கூடங்குளத்துக்கு வருகிறது. 12 மாதத்துக்கு ஒருமுறை எரிபொருள் மாற்றிய இடத்தில் 18 மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்ற நிலைக்கு வழிசெய்தது அது. அதன் காலடியில் ஒரு வடிகட்டியும் உண்டு. பராமரிப்பின்போது நீர்ச்சுற்றில் விழும் கம்பித் துணுக்கு, இரும்புச் சுருள் போன்றவை கிரிட்டில் சிக்கி, நீரோட்டத்தில் அதிர்ந்து, சில மாதங்களிலேயே உறையைத் துளைத்துவிடும். ஒரு துணுக்குக் கம்பி வெல்டரின் பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்ததாகக்கூட இருக்கலாம். அதைத் தடுக்க வாசலிலேயே சல்லடை.

கோலின் உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது தனியே ஒரு பதிலுக்கானது. யுரேனியம் டை ஆக்சைடு ஒரு பீங்கான், வெப்பத்தை மோசமாகக் கடத்தும். ஆகவே நான்கு மில்லிமீட்டர் ஆரத்துக்குள்ளேயே மையத்துக்கும் விளிம்புக்கும் பல நூறு டிகிரி வித்தியாசம். உலைக்குள் போய்ச் சூடேறத் தொடங்கியதுமே வில்லை விரிசல் விட்டுவிடும். அது விபத்து இல்லை, எதிர்பார்த்ததுதான். சூடான வில்லை நடு ஒடுங்கி விளிம்பு விரிந்து உடுக்கைபோல் ஆகும். அந்த விளிம்புகள் உறையைக் குத்தாதிருக்க வில்லையின் முகங்களில் சிறு குழிவும் ஓரங்களில் சரிவும் விடுகிறார்கள். வில்லைக்கும் உறைக்கும் நடுவில் இருபது பார் அளவில் ஹீலியம் நிரப்பி மூடுகிறார்கள். அது வெப்பத்தையும் கடத்தும், வெளி அழுத்தத்துக்கு உள்ளிருந்து முட்டும் கொடுக்கும். மேலே ஓர் ஸ்பிரிங்கும் காலி இடமும் உண்டு. பிளவில் உண்டாகும் வாயுக்கள் வந்து தங்க அந்த இடம் வேண்டும். அதை மிச்சம்பிடிக்க நினைத்தால் கடைசி ஆண்டில் உள்ளழுத்தம் வெளியழுத்தத்தை மீறிவிடும்.

உறைக்கு ஏன் ஜிர்கோனியம்? நியூட்ரானை ஏறத்தாழக் கண்டுகொள்ளாமல் விடும் உலோகம் அது. ஆனால் இயற்கையில் எப்போதும் ஹாஃப்னியத்தோடு ஒட்டிப் பிறக்கிறது. ஹாஃப்னியமோ நியூட்ரானை ஜிர்கோனியத்தைப்போல் ஐந்நூறு மடங்குக்கு மேல் விழுங்கும். கட்டுப்பாட்டுக் கோல் செய்யவே அதைப் பயன்படுத்துவதுண்டு. வேதியியலில் இரட்டைப் பிள்ளைகள், அணுவியலில் ஜென்மப் பகை. இரண்டையும் பிரித்தால்தான் உறை. நம் தென்கரையில் மணவாளக்குறிச்சியில் கடல்மணலிலிருந்து பிரித்தெடுக்கும் கனிமங்களில் ஜிர்கோனியத்தின் தாதுவான சிர்க்கானும் ஒன்று. தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் 2009இல் தொடங்கிய ஆலை ஹாஃப்னியம் நீக்கிய ஜிர்கோனியத்தைப் பஞ்சு வடிவில் தயாரித்து, ஹைதராபாத்தின் அணு எரிபொருள் வளாகத்துக்கு அனுப்புகிறது. அதே கரையில் இருக்கும் கூடங்குளத்துக்கோ எரிபொருள் தொகுதி முழுமையாக ரஷ்யாவிலிருந்து வருகிறது. ஒப்பந்தம் அப்படி, உலோகத்துக்கு அதில் பங்கில்லை.

ஜிர்கோனியத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நீராவியில் மிகச் சூடேறினால் அது நீரின் ஆக்சிஜனைப் பறித்து ஹைட்ரஜனை விடும், வெப்பத்தையும் விடும். புகுஷிமாவில் 2011இல் வெடித்தது அந்த ஹைட்ரஜன். விபத்திலும் உறையின் வெப்பம் 1204 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க விதி 1974 முதல் சொல்வதும் இதை மனத்தில் வைத்துத்தான். உறையின் மேல் மெல்லிய குரோமியப் பூச்சு கொடுக்கும் முயற்சிகள் இப்போது உலைகளில் சோதனையில் இருக்கின்றன.

இனிக் கல்பாக்கம். அங்குள்ள 220 மெகாவாட் வகைக் கனநீர் உலைகளில் பிடிமானத்தின் இலக்கணமே வேறு. நாலரை மீட்டர்த் தூண் கிடையாது. அரைமீட்டர் நீளப் பண்டில் (கோல்களின் குட்டைக் கட்டு), கையால் தூக்கக்கூடிய சுமார் 16 கிலோ. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு என 19 கோல்கள். உலையில் 306 கிடைமட்டக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் வரிசையாக 12 பண்டில்கள். உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு முனையில் புதிய பண்டில்களைத் தள்ளி மறுமுனையில் பழையவற்றை வாங்கிக்கொள்ளலாம். இயற்கை யுரேனியத்தையே எரிப்பதால் ஒவ்வொரு நியூட்ரானும் காசு. எனவே உறையின் தடிமனை 0.4 மி.மீ. அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். அந்த உறை தனக்குத்தானே நிற்காது. நீரழுத்தத்தில் வில்லையின் மேல் அப்பிக்கொள்ளும். அப்படி அப்பவேண்டும் என்றே வடிவமைத்தது. வில்லையும் உறையும் இப்படி ஒட்டியிருக்கும்போது திறன் திடீரென உயர்ந்தால், விரியும் வில்லையும் உள்ளே பிறக்கும் அயோடினும் சேர்ந்து உறையைப் பிளக்கும். அதற்கு மருந்தாக உறையின் உட்புறத்தில் மெல்லிய கிராஃபைட் பூச்சு.

இதில் கிரிட் இல்லை. தொடக்க காலத்தில் கோல்களின் மேல் கம்பி சுற்றி ஒன்றையொன்று விலக்கிவைத்தார்கள். கம்பி பக்கத்துக் கோலின் மெல்லிய உறையில் உரசியது. பிறகு வந்த விடை அழகானது. ஒவ்வொரு கோலின் நடுவிலும் சிறு ஜிர்கோனியத் துண்டுகளைச் சற்றே சாய்வாகப் பற்றவைத்து, பக்கத்துக் கோலின் துண்டும் இதன் துண்டும் குறுக்காக மோதும்படி செய்தார்கள். தேய்ந்தால் துண்டு துண்டோடு தேயட்டும், உறைக்கு ஒன்றுமில்லை. இரண்டு முனைகளிலும் சக்கரத்தின் ஆரங்கள்போல் வெட்டிய முனைத்தகடு, பத்தொன்பதையும் பிடிக்கிறது.

அந்த முனைத்தகட்டைப் பற்றி ஒரு கதை. 1990 இறுதியில் கனடாவின் டார்லிங்டன் நிலையத்தில் சில பண்டில்களின் முனைத்தகடுகள் உடைந்திருந்தன. அவை 37 கோல் பண்டில்கள். மற்ற உலைகளில் ஒழுங்காக உழைத்த அதே வகை. எரிபொருளில் குற்றம் தேடித் தேடிக் கடைசியில் கிடைத்த குற்றவாளி, முதன்மை நீரேற்றி. அதன் சுழலியில் ஐந்து இதழ்கள், நொடிக்கு முப்பது சுற்று. ஆக நொடிக்கு 150 அழுத்தத் துடிப்புகள். குழாய் அமைப்பின் ஒலியியல் இயல்பு அந்த 150ஐ விரும்பிப் பெருக்கிப் பண்டில்வரை கொண்டுசேர்த்தது, தகடு களைத்து உடைந்தது. தீர்வு: ஐந்து இதழ்ச் சுழலியை எடுத்துவிட்டு ஏழு இதழ் போட்டார்கள். 150 துடிப்பு 210 ஆனது, சிக்கல் நின்றது. எரிபொருளின் வரைபடத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. எரிபொருள் வடிவமைப்பு எரிபொருளோடு முடிவதில்லை என்று நான் யாருக்காவது சொல்ல நேரும்போது இந்த இதழ்க் கணக்கைத்தான் சொல்வேன்.

கல்பாக்கத்தின் மற்றோர் உலையான 500 மெகாவாட் வேக ஈனுலையில் (எரிப்பதைவிட அதிக எரிபொருளை ஈனும் வகை) மீண்டும் அறுகோணம். 217 கோல்கள், அதாவது எட்டுச் சுற்று. கோல் 6.6 மி.மீ. தான். குளிர்விப்பது திரவச் சோடியம். இங்கே மறுபடி கம்பி சுற்றுகிறார்கள். ஒவ்வொரு கோலின் மேலும் 1.65 மி.மீ. கம்பி திருகுபோல் ஏறுகிறது. இவ்வளவு நெருக்கமான அடுக்கில் கிரிட்டுக்கு இடமில்லை. கம்பி இடைவெளியையும் தருகிறது, சோடியத்தைக் கலக்கவும் செய்கிறது. கனநீர் பண்டில் கைவிட்டதை ஈனுலை கைக்கொண்டதில் முரண் எதுவும் இல்லை. முழுக் கட்டையும் அறுகோண எஃகுப் பெட்டி ஒன்று போர்த்தியிருக்கிறது. அந்தப் பெட்டியால் ஒரு புதிய ஆபத்தும் வருகிறது. திறந்த தொகுதியில் ஒரு சந்து அடைத்தால் நீர் பக்கவாட்டில் வந்து காப்பாற்றும். பெட்டிக்குள் அந்த வழி இல்லை.

1966 அக்டோபர் 5 அன்று அமெரிக்காவில் டெட்ராய்ட் அருகே என்ரிகோ ஃபெர்மி-1 ஈனுலையில் அதுதான் நடந்தது. உலையின் அடிப்பகுதியில் பாதுகாப்புக்காகப் பின்னால் சேர்த்த ஜிர்கோனியத் தகடுகளில் ஒன்று கழன்று, சோடியத்தோடு மேலே போய், எரிபொருள் தொகுதிகளின் வாயில் அப்பிக்கொண்டது. இரண்டு தொகுதிகள் பகுதியாக உருகின. காரணத்தைக் கண்டுபிடிக்கவே நெடுங்காலம் ஆனது. அதற்குப் பின் வந்த ஈனுலைகளில் தொகுதியின் காலில் ஒற்றை வாய் வைப்பதில்லை. பக்கவாட்டில், வெவ்வேறு திசைகளில், பல துளைகள். ஒரு தகடு வந்து ஒட்டினாலும் எல்லாத் துளைகளையும் அடைக்க முடியாது. கல்பாக்கத் தொகுதியின் காலிலும் இதே ஏற்பாடுதான்.

வரைபடம் முடிந்த பிறகு சோதனைகள் பல ஆண்டுகள் நடக்கும். போலித் தொகுதியைச் சுடுநீர்ச் சுற்றில் நிறுத்தி ஆயிரக்கணக்கான மணிநேரம் ஓட்டித் தேய்மானம் அளப்பது, கட்டுப்பாட்டுக் கோலைப் போட்டு விழும் நேரம் பார்ப்பது, நிலநடுக்கத்தில் தொகுதிகள் ஒன்றோடொன்று மோதினால் கிரிட் நசுங்குமா என்று நசுக்கிப் பார்ப்பது. கடைசியில் சில மாதிரித் தொகுதிகளை உண்மையான உலையில் வைத்து, அவை வெளியே வந்ததும் நீருக்கடியில் கேமரா வைத்து அளப்பார்கள். கணினிக் கணக்கு எவ்வளவு முன்னேறினாலும் இந்தக் கடைசிப் படியை யாரும் தாண்டிப் போனதில்லை.

நீங்கள் மூன்றாம் ஆண்டு மாணவர் என்பதால், நம்பாவிட்டால் நீங்களே போட்டுப் பார்க்க ஒரு கணக்கு தருகிறேன். வெளிவிட்டம் 9.1 மி.மீ., உள்விட்டம் 7.73 மி.மீ. கொண்ட ஜிர்கோனியக் குழாய். 320 டிகிரியில் அதன் மீள்மைக் குணகத்தை 77 கிகாபாஸ்கல் என்று கொள்ளுங்கள். வில்லை, உறை, கூடவே ஆடும் நீர் எல்லாம் சேர்த்து மீட்டருக்கு 0.65 கிலோ. கிரிட்டுக்கு கிரிட் 34 செ.மீ., இரு முனையும் எளிய தாங்கல். உத்திரத்தின் இயல் அதிர்வெண் வாய்ப்பாட்டில் போட்டால் நொடிக்கு ஏறத்தாழ 60 வரும். இப்போது நடுவில் ஒரு கிரிட்டின் ஸ்பிரிங் முற்றிலும் தளர்ந்துவிட்டதாகக் கொண்டு, நீளத்தை 68 ஆக்குங்கள். அதிர்வெண் நான்கில் ஒன்றாகி 15க்கு இறங்கும். ஓடும் நீரின் உதறலில் சக்தி அதிகமாக இருப்பது அந்தத் தாழ்ந்த அதிர்வெண்களில்தான். நான்கு ஆண்டுகளில் அது எத்தனை கோடி உரசல் என்பதையும் பெருக்கிப் பார்த்துவிடுங்கள்.